தனித்திருக்க ஓர் இடம்



இன்று மாலை நான் எடுத்துக்கொண்ட பொருள் தனிமை. தனிமையைப் போக்குவது எப்படி என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். தனித்திருக்கும் பொழுதை நம்மைத் தேற்றும் பொழுதாக ஆக்கிக்கொள்வது எப்படி? அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைச் செட்டிநாட்டு மண்ணில் நின்று பேச வேண்டும் என்று விரும்பி வந்திருக்கிறேன். ஏன் செட்டிநாட்டில்?

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஆத்தங்குடியிலோ நடந்து பாருங்கள். ஒரு தெருவில் முகப்புத் தொடங்கினால் அடுத்த தெருவில்தான் வீடு முடிகிறது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிப் பூக்கல், கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புச் சுவர். பெரிய குடும்பம் ஒன்று நான்கு தலைமுறைக்குப் புழங்கும் என்று நம்பிக் கட்டிய வீடு. உள்ளே இன்று யார் இருக்கிறார்கள்? ஓர் ஆச்சி. மகன் சிங்கப்பூரில். மகள் சென்னையில். பேரன் அமெரிக்காவில். வளவு முற்றத்தில் வெயில் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ஆச்சி உட்கார்ந்திருக்கிறார்.

அதே ஊரில் நாலு தெரு தள்ளிப் போங்கள். ஒற்றை அறை வாடகை வீடு. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் தொலைக்காட்சி, ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் குக்கர் சத்தம். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், யாரும் கூப்பிடாத ஓர் இடம் கிடைத்தால் அவள் எங்கேயோ போய்விடுவாள். கிடைக்கவில்லை.

ஒருவருக்குத் தனிமை தாங்க முடியாத அளவுக்குக் கிடக்கிறது. ஒருவருக்கு மருந்துக்கும் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஊர். நண்பர்களே, நம்மிடம் தனிமை குறைவாகவும் இல்லை, கூடுதலாகவும் இல்லை. பங்கீடு தவறிக் கிடக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது அந்த ஒன்றைத்தான்.

மேலே வந்து விழுந்த தனிமை என்ன செய்யும்? 2025 ஜூன் மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஓர் ஆணையம் அறிக்கை தந்தது. உலகில் 6 பேரில் ஒருவர் துணையற்ற தவிப்பில் இருக்கிறார். அதோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேல் என்று அது மதிப்பிட்டது. பிரிட்டன் 2018-இல் இதற்கென்று ஓர் அமைச்சரையே நியமித்தது. ஜப்பான் 2021-இல் நியமித்தது. ஆகவே, தனியாக இருக்கும் ஒரு முதியவரிடம் போய், "தனிமையை அனுபவியுங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். அது கொடுமை.

சரி, ஆளும் பேருமாக இருக்கிற நம் கதை என்ன? நாமாவது தனியாக இருக்கப் பழகியிருக்கிறோமா? அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமோதி வில்சன் என்ற உளவியல் பேராசிரியரும் உடனிருந்தவர்களும் ஒரு சோதனை நடத்தி, 2014-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஓர் அறை. கையில் ஒன்றும் கிடையாது. 15 நிமிடம் சும்மா உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் மின்னதிர்ச்சி. முன்னதாக அதைத் தொட்டுப் பார்த்து, "இது இன்னொரு முறை வேண்டாம், காசு கொடுத்தாவது தப்பித்துக்கொள்வேன்" என்று சொன்னவர்கள் அவர்கள். என்ன நடந்தது? ஆண்கள் 18 பேரில் 12 பேர் பொத்தானை அழுத்தினார்கள். பெண்கள் 24 பேரில் 6 பேர் அழுத்தினார்கள். தன்னோடு தான் இருப்பதைவிட மின்னதிர்ச்சி மேல் என்று பட்டிருக்கிறது!

அந்த அறையில் அவர்களிடம் இல்லாத ஒன்று இன்று நம் எல்லோர் பையிலும் இருக்கிறது. அழுத்தினால் வலிக்காத பொத்தான். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பொத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அது தனிமையா? ஊரையே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தி என்ன பயன்?

தனித்திருப்பதில் நன்மை உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஒன்றைக் காட்டினார்கள். 15 நிமிடம் தனியே இருந்தாலே மனத்தின் கொதிப்பு அடங்குகிறது. கோபமும் பதற்றமும் தணிகின்றன, துள்ளலும் தணிகிறது. தானே விரும்பித் தனித்திருந்தவர்களுக்கு அந்த அடக்கம் இளைப்பாறுதலாக மாறியது. இதில் 'தானே விரும்பி' என்பதுதான் உயிர்நாடி. பூட்டு அதே பூட்டுதான். அது உள்பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது எல்லாம்.

இதை ஆய்வுக்கூடத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஊரா இது? வாருங்கள், நம் வீட்டுக்குள்ளேயே பார்ப்போம்.

கொண்டுவிக்கப் போன, அதாவது தொழிலுக்காகக் கடல் கடந்த, காலத்தை நினைத்துப் பாருங்கள். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன். கடல் கடந்து போன ஏஜெண்டுக்கு மூன்று வருஷக் கணக்கு. அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மனைவி மக்கள் பெரும்பாலும் இங்கேயே. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் தரையில் ஒரு விரிப்பு, முன்னால் ஒரு பெட்டி, பக்கத்தில் கணக்கு நோட்டு. பகலில் அதுதான் கடை. இரவில் அதே இடத்தில்தான் தூக்கம். மீசை அரும்பாத வயதில் போன பையனுக்கு அது எப்பேர்ப்பட்ட தனிமை!

எப்படித் தாங்கினார்கள்? முதலாவது, அந்தத் தனிமைக்கு ஒரு கெடு இருந்தது. மூன்று வருஷம் முடிந்தால் ஊர். நாளை எண்ண முடிந்தது. அடுத்து, கையை விட்டு அகலாத வேலை இருந்தது. இன்னொன்றும் இருந்தது. போன இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டுக் கோயில் 1859-இல் எழுந்தது. கார்த்திகைக்கும் தைப்பூசத்துக்கும் கிட்டங்கி ஆட்கள் எல்லாம் ஒன்றுகூட அங்கே இடம் இருந்தது. தனிமைக்குள் போக ஒரு வாசலும் அதிலிருந்து வெளியே வர ஒரு வாசலும் வைத்துக்கொண்டார்கள். இந்த இரண்டு வாசலையும் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். நான் பேசுவது முழுக்க இந்த வாசல்களைப் பற்றித்தான்.

கப்பல் ஏறியவர் போய்விட்டார். இங்கே இருந்த அவர் மனைவி? கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணை வளவில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். அவளிடம் யார் கேட்டார்கள்? வீடு நிறைய ஆள். மாமியார், ஓரகத்தி, நாத்தனார், பிள்ளைகள். நாற்பது பேர் நடுவில் அவள் தனி. ஆனால் உட்கார்ந்து அழக்கூட ஒரு மூலை கிடையாது. தனிமையின் துன்பம் உண்டு. தனிமையின் சுகம் இல்லை. செட்டிநாட்டு வீட்டின் பெருமையைப் பேசும்போது இந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று நான் அழுத்தமாக நம்புகிறேன்.

ஆனாலும் அந்த வீட்டு ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. கல்யாணமான பிள்ளையை 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம். பிறர் கேட்டால் குடும்பச் சண்டை என்று நினைப்பார்கள். நமக்குத் தெரியும், சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தாய் தகப்பனே நாள் பார்த்து, பாத்திரம் பண்டமும் மளிகையும் கொடுத்து, புது மருமகளைத் தனி அடுப்பு மூட்டச் சொல்வார்கள். கூரை ஒன்று, அடுப்புப் பல. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை. சின்ன அறைதான், வெளிச்சம் குறைந்த அறைதான். ஆனால் சாவி அவள் இடுப்பில். சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் தனியாக ஒரு பிடி இடம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு அது. இன்றைக்கு மூன்று படுக்கையறை வைத்து வீடு கட்டுகிறோம். அதில் வீட்டுத் தலைவிக்கென்று, அவள் மட்டும் உட்காருவதற்கென்று, ஒரு நாற்காலியாவது உண்டா? வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

மதியச் சாப்பாடு முடிந்த வேளையில் அந்த ஆச்சிமார்கள் என்ன செய்தார்கள்? கொட்டான் என்னும் ஓலைக் கூடை பின்னினார்கள். பனங்குருத்தைக் கொண்டுவந்து, காயவைத்து, ஒரே அகலத்தில் கீறி, சாயம் ஏற்றி, ஓலையில் ஈரம் இருக்கும்போதே பின்ன வேண்டும். காய்ந்தால் உடையும். அதற்குமேல் நூலும் மணியும் சேர்த்து ஒப்பனை. அவசரப்பட்டால் கோணும். ஆகவே அவசரப்பட முடியாது. கண்ணும் விரலும் ஓலையில் இருக்கும்போது மனம் பழைய குறையையே திரும்பத் திரும்பப் போட்டு மெல்லுவதை விடுகிறது. மருந்து என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் ஆயிரம் மதியங்களை அந்தப் பின்னல் தாங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் மறைந்துபோகும் நிலைக்கு வந்த அந்தக் கலை, மீட்டெடுக்கப்பட்டுப் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இப்போது அதை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறோம். வாங்குங்கள், நல்லது. கூடவே ஒரு மதியம் உட்கார்ந்து ஒன்றைப் பின்னியும் பாருங்கள்.

இப்போது கோட்டையூருக்குப் போவோம். இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். 1907-இல் பிறந்தவர். தொழில், பெயர்ப்பலகை எழுதுவது. பெரிய பட்டம் இல்லை, பதவி இல்லை. பழைய புத்தகங்களைச் சேர்த்தார். புத்தகம் மட்டுமா? மாத இதழ், வார இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பிறர் கசக்கி எறிகிற காகிதம் எல்லாம் சேர்த்தார். நாற்பது ஆண்டுகள் சேர்த்தார். வீடு நிறைந்தது. 1992-இல் அவர் மறைந்தபோது அது ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களுமாக வளர்ந்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் கடல் கடத்தவில்லை. 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தரமணியில் இருக்கிறது. தமிழ் அச்சுலக வரலாற்றை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது.

நான் அவரை ஏன் சொல்கிறேன்? ஒரு புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, எந்த ஆண்டு, எந்த அச்சுக்கூடம் என்று பார்த்து, உரிய இடத்தில் வைப்பது ஒருவர் தனியாகச் செய்கிற வேலை. கைதட்ட ஆள் கிடையாது. அதை ஆயிரக்கணக்கான நாள் ஒருவர் செய்திருக்கிறார். ஆனால் அவர் உலகத்தை வெறுத்து ஒதுங்கியவர் அல்லர். எங்கெங்கிருந்தோ ஆய்வாளர்கள் கோட்டையூருக்குத் தேடி வந்தார்கள். கதவு திறந்திருந்தது. கேட்டவர்களுக்குப் புத்தகம் கிடைத்தது. உள்ளே போகும் வாசலும் வெளியே வரும் வாசலும் ஒரே வீட்டில் இருந்தன. தனிமை ஒரு மனிதரை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகும் என்று யாராவது என்னைக் கேட்டால், இமயமலைக்குப் போன முனிவர்களை நான் காட்ட மாட்டேன். கோட்டையூரைக் காட்டுவேன்.

தனக்கென்று நேரம் ஒதுக்கிக்கொண்ட இன்னொருவரையும் பாருங்கள்: காந்தியடிகள் 1927 செப்டம்பரில் இந்தப் பகுதிக்கு வந்தார். கதர் நிதிக்காக வந்தார். நம் மாளிகைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? வெளிநாட்டுச் சாமான்களை இப்படி அடைத்து வைத்திருக்கிறீர்களே, மூச்சுவிட இடம் இல்லையே என்று வருந்தினார். இந்த வேலையை என்னிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட வசதியாகச் செய்து தருவேன் என்றும் சொன்னார். விருந்தினராக வந்த இடத்தில் இப்படிச் சொல்ல எவ்வளவு அன்பும் துணிவும் வேண்டும்! சொன்னவர் யார்? திங்கட்கிழமை தோறும் மௌனம் காத்தவர். லட்சக்கணக்கான மக்கள் சூழ்ந்திருந்த ஒருவர், தேசத்தின் வேலை முழுவதும் தலைமேல் இருந்த ஒருவர், வாரத்தில் ஒரு நாளைப் பேச்சிலிருந்து விலக்கி வைத்தார். அன்றும் வேலை நடந்தது. எழுதினார், படித்தார், கேட்டார். பேசவில்லை. அவருக்கு நேரம் இருந்ததா என்ன? எடுத்துக்கொண்டார். நமக்கு நேரம் இல்லை என்று சொல்லும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, நாம் என்ன செய்வது? வாரத்தில் முழுதாக ஒரு நாள் வேண்டாம். தினம் அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணிக்கு நேரம் குறித்திருக்க வேண்டும். "ஓய்வு கிடைத்தால்" என்றால் கிடைக்காது. இடம் குறித்திருக்க வேண்டும்: திண்ணையோ, மாடியோ, ஊருணிக் கரையோ, எதுவானாலும் தினமும் அதே இடம். வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "ஆறு மணியிலிருந்து ஆறரை வரை என்னைக் கூப்பிடாதீர்கள், ஆறரைக்கு வந்துவிடுவேன்." வருவேன் என்ற அந்தச் சொல் முக்கியம். சொல்லாமல் ஒதுங்கினால் வீட்டில் இருப்பவர்கள் கோபம் என்று நினைப்பார்கள். சொல்லிவிட்டுப் போனால் மதிப்பார்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

அந்த அரை மணியில் என்ன செய்வது? இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் குறித்து, பேரேட்டில் ஏற்றி, கடைசியில் ஐந்தொகை எடுத்துப் பார்க்கிற பழக்கம் உங்கள் ரத்தத்தில் இருக்கிறது. பணத்துக்குச் செய்ததை மனத்துக்கும் செய்யலாம். இன்று யாரிடம் கடுத்துப் பேசினேன்? எது என்னை வாட்டியது? யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்? இரண்டு வரி எழுதினால் போதும். எழுதப் பிடிக்காதவர்கள் பின்னுங்கள், கோலம் போடுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு பக்கம் படியுங்கள். ஒன்றும் செய்யாமல் உட்காரவும் பழகலாம். ஆனால் அது கடினம் என்பதைத்தான் அந்த மின்னதிர்ச்சிச் சோதனை காட்டியது. முதல் நாளே கண்ணை மூடிச் சும்மா இரு என்றால் பலருக்கு முடியாது. கைக்கு ஒரு வேலை கொடுத்துத் தொடங்குவதே நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். துணையை இழந்து சில மாதங்களே ஆனவர்கள், தூக்கம் கெட்டு மனம் சோர்ந்து கிடப்பவர்கள், "நான் எதற்கு இருக்கிறேன்" என்று கேட்கத் தொடங்கியவர்கள், இவர்களுக்கு இந்த அரை மணி நேர யோசனை பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது ஆள். பக்கத்தில் போய் உட்காருங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தாகத்தில் இருப்பவரிடம் விரதத்தின் மகிமையைப் பேசக்கூடாது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன அந்த இருவரிடம் வருகிறேன். பெரிய வீட்டு ஆச்சியையும் ஒற்றை அறை வீட்டுப் பெண்ணையும் நாம் ஏன் சந்திக்கவே விடவில்லை? கானாடுகாத்தானில் சில வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து, அந்த வளவின் அமைதியில் நாலு நாள் இளைப்பாறிவிட்டுப் போகிறார்கள். வரட்டும், வீடுகள் பிழைக்கின்றன. ஆனால் அந்த அமைதியில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு வேண்டாமா?

நான் கேட்பது முழு வீட்டை அல்ல. பங்காளிகள் பலருக்கு உரிமையான வீடு, ஒருவர் நினைத்தால் திறந்துவிட முடியாது என்பது தெரியும். சாமி வீட்டுப் பக்கம் யாரும் போக வேண்டாம். வளவுக்குள் வர வேண்டாம். முகப்பும் திண்ணையும் போதும். மாலை ஐந்து முதல் எட்டு வரை. நாலு பெஞ்சு, இரண்டு விளக்கு, குடிக்கத் தண்ணீர். பேசக்கூடாது, கைப்பேசி கூடாது என்று ஒரே விதி. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களும், வீட்டில் மூச்சுவிட இடமில்லாத பெண்களும் வந்து உட்காரட்டும். அந்த வீட்டு ஆச்சிக்கு மூன்று மணி நேரம் வாசலில் ஆள் நடமாட்டம் இருக்கும். எட்டு மணிக்குப் புறப்படும்போது பிள்ளைகள், "ஆச்சி, போயிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் வராத பிள்ளையை ஆச்சி மறுநாள் விசாரிப்பார். ஒருவருக்கு மிஞ்சியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் இருவருக்கும் குறை தீரும். தர்மச் சத்திரமும் பாடசாலையும் கல்லூரியும் கட்டிக்கொடுத்த கைகளுக்கு இது பெரிய செலவா?

முன்னோருக்கான படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடும் நாளில் இதைப் பேசுங்கள். வெளியூரில் இருப்பவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். மார்ச் மாதம் பொதுத் தேர்வு வருகிறது. அதற்குள் நாலைந்து ஊர்களிலாவது திண்ணைகள் திறக்க வேண்டும். வாசல் பக்கம் மேசையில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். சம்மதம் உள்ளவர்கள் ஊர்ப்பெயரையும் வீட்டு விலாசத்தையும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். பிள்ளைகளே, இடம் வேண்டியவர்கள் அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.